கடைசி ஸ்டெப்பில் வைத்த வண்டி

வண்டி ஓட்டத் தெரியாத ஆம்பளையை நான் மன்னித்துவிடுவேன். தெரியாமலே தெரிந்த மாதிரி பேசுகிறவனைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் அப்படிப்பட்டவர்கள் டீக்கடைக்கு டீக்கடை உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவரை எனக்குக் கட்டியும் வைத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் டூவீலர் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோரில் இருந்தார். பெட்டி வரும், எண்ணி உள்ளே வைப்பார். சீட்டு வரும், எண்ணி வெளியே கொடுப்பார். உள்ளே இருப்பது போல்ட்டா பிரேக் ஷூவா என்பது பெட்டி மேல் எழுதியிருந்தால்தான் அவருக்குத் தெரியும். ஆனால் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் எஞ்சினையே இவர்தான் பெற்றுப் போட்ட மாதிரி பேசுவார். விருதுநகர் பக்கத்து ஆள். "வண்டிங்கிறது குதுர மாதிரிடா. ஏறி உக்காந்ததும் அதுக்குத் தெரிஞ்சிரும், மேல இருக்குறது யாருண்டு" என்பார். குதிரையை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. கூட இருக்கிற சிநேகிதர் கூட்டம் வாயைப் பிளந்து கேட்கும். அவர்களும் ஸ்டோர், கேன்டீன், செக்யூரிட்டி. ஒருத்தர் கையிலாவது கிரீஸ் இருக்குமா என்று பார்த்தால் இருக்காது.

நான் கல்லாவி என்கிற ஊர்க்காரி. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் பேன்ட், சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பொம்பளை நான்தான். மின்சார ஸ்விட்ச் செய்கிற கம்பெனி. முதலில் டிரெய்னி, வருஷம் முடிந்ததும் பிடித்திருந்தால் பர்மனென்ட், இல்லாவிட்டால் வீட்டுக்கு. பர்மனென்ட் என்கிற அந்த வார்த்தையை நான் சாமி பேர் மாதிரி மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கிடைக்காவிட்டால் திரும்பவும் களைக்கொத்தைத் தூக்க வேண்டியதுதான். எனக்கு அந்தக் களைக்கொத்தைக் கண்டாலே ஆகாது.

அந்த நேரம் பார்த்து எனக்கு முதல் ஷிஃப்ட் விழுந்தது. காலை ஆறு மணிக்குக் கேட் மூடிவிடுவார்கள். நாங்கள் குடியிருந்ததோ தளி ரோட்டில், ஊரைத் தாண்டி. அந்த நேரத்துக்கு டவுன் பஸ் கிடையாது, எங்கள் கம்பெனி பஸ்ஸும் அந்தப் பக்கம் வராது. அவருக்கு ஜெனரல் ஷிஃப்ட். அவருடைய கம்பெனி பஸ் எங்கள் தெரு முனையிலேயே வந்து நிற்கும். இருந்தும் மைனர் மாதிரி மோட்டார் சைக்கிளில்தான் போவார். "இனிமே வண்டிய நான் எடுத்துக்கறன்" என்றேன். கல்யாணத்துக்கு முன் அண்ணனுடைய மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு போய்ப் பழகினவள்தான். கியர் போடுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பழகிக்கொண்டேன். அவருக்கு முகம் செத்துப்போனது. ஆனால் என் சம்பளமும் வேண்டியிருந்ததே, என்ன செய்வார்? சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளின் பெருமையைச் சொல்லியே ஆக வேண்டும். புது வண்டி வாங்கினால் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, நேராக மெக்கானிக் கடைக்கு ஓட்டி வருவார்கள். அவன் வண்டியைச் சுற்றி வந்து, பின்னால் இருக்கிற இரண்டு ஷாக் அப்சார்பரிலும் கொக்கி ஸ்பேனரை மாட்டி, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிற வளையத்தை ஒவ்வொரு ஸ்டெப்பாகத் திருப்பிக் கடைசி ஸ்டெப்பில் கொண்டுபோய் நிறுத்துவான். ஸ்டெப் ஏற ஏற ஸ்பிரிங் விறைத்துக்கொண்டே போகும். பின் சக்கரத்துக்குக் கல் மாதிரி காற்றடிப்பான். பிறகு சீட்டில் ஒரு தட்டுத் தட்டி, "போங்க, இனிமே கவலையில்ல" என்பான். சாமி பிரசாதம் கொடுத்த மாதிரி இவர்களும் பல்லைக் காட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஏன் இப்படி என்றால், இங்கே வண்டி என்றால் தக்காளிக் கூடை, பட்டுக்கூடு மூட்டை, பால் கேன். எல்லா வண்டியும் மூட்டை சுமக்கும், அதனால் எல்லா வண்டியும் மூட்டைக்கே தயாராக இருக்க வேண்டும். ஸ்டோரில் பெட்டி எண்ணுகிறவர் என்ன மூட்டையைச் சுமக்கப் போகிறார்? அதை யாரும் கேட்கவில்லை. ஸ்பிரிங் இளகலாக இருந்தால் அது 'லூசு வண்டி'. லூசு வண்டி வைத்திருக்கிறவன் ஆம்பளையே இல்லை.

வீட்டிலிருந்து ஓசூர் போகிற வழியில் ஏரிக்கரையை ஒட்டி ரோடு சட்டென்று இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் ஏரி. கல் ஏற்றிக்கொண்டு தளி, ஜவளகிரிப் பக்கமிருந்து வருகிற லாரிகள் அந்த வளைவில் பிரேக் அடித்து அடித்து, தார் அலை அலையாகச் சுருண்டு கிடக்கும். நடுவில் ஜல்லி வேறு சிதறியிருக்கும். கல்லை இறக்கிவிட்டுத் திரும்புகிற காலி லாரிகள் எதிரே வரும். காலி லாரிக்காரனுக்குப் பயம் என்பது கிடையாது.

அந்த வளைவில் என் வீட்டுக்காரர் ஓட்டுகிற அழகைப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். முழு வேகத்தில் உள்ளே நுழைவார். நுழைந்த பிறகுதான் பயம் வரும். பயம் வந்ததும் பிரேக்கை மிதிப்பார். மிதித்ததும் சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்துகொள்ளும். நிமிர்ந்த வண்டி எங்கே திரும்பும்? நேராக எதிர்ப்பக்கம் போகும். உடனே ஹாரன் அடிப்பார். ஹாரன் அடித்தால் ரோடு நகர்ந்து வழி விடும் என்று நினைப்போ என்னவோ. அது போதாதென்று இடது காலை வெளியே நீட்டிச் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே போவார். வளைவு தாண்டியதும் திரும்பிப் பார்த்து, "எப்டி?" என்பார். எப்படியாம்! நாங்கள் பிழைத்ததற்குக் காரணம் பின்னால் என் எடை இருந்ததால் அந்த ஸ்பிரிங் கொஞ்சமாவது அமுங்கியதுதான்.

தனியாக ஓட்ட ஆரம்பித்ததும் இரண்டு ஆள் எடை ஒரு ஆள் எடையாகிவிட்டது. நான் ஒல்லி. என் ஒருத்தியின் எடைக்கு அந்த ஸ்பிரிங் அசையவே இல்லை. வளைவில் வண்டியைச் சாய்த்தேன், அலை அலையான தாரில் பின் சக்கரம் தவளை மாதிரி துள்ளியது. துள்ளுகிற சக்கரம் ரோட்டைப் பிடிக்குமா? பின்பக்கம் விலகிக்கொண்டு போக, நான் கீழே கிடந்தேன். முழங்கால் தோல் போனது. அதைவிட, கேட் மூடின பிறகு போய் நின்றேன்.

அன்று சாயங்காலம் சிநேகிதர் கூட்டம் வீட்டுக்கே வந்துவிட்டது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருத்தர் குனிந்து சைலன்சரைத் தட்டிப் பார்த்தார். சைலன்சருக்கும் நான் விழுந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத்தான் வெளிச்சம். கடைசியில் தீர்ப்பு வந்தது.

"வெயிட் இல்ல மாப்ள. அதான் துள்ளுது. பின்னாடி பாரம் கட்டுங்க."

"அதத்தேன் நானும் நெனச்சேன்" என்றார் இவர். ஒரு மண்ணும் நினைத்திருக்கவில்லை.

பர்கூர்க்காரர் ஒருத்தர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மறுநாளே கிரானைட் கம்பெனியில் அறுத்து ஒதுக்கின ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சமாதிக்குப் பதிக்கிற மாதிரி கறுப்பாக, பளபளவென்று இருந்தது. சைக்கிள் டியூபால் அதைப் பின் கேரியரில் இறுக்கிக் கட்டினார்கள். பாலிஷ் போட்ட பக்கம் மேலே தெரிய வேண்டும் என்று இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார்கள். அழகாம்! ஸ்பிரிங்கை இளக்கினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு ஸ்பிரிங்குக்கு ஏற்ற மாதிரி கல்லைக் கட்டுகிற புத்தி உலகத்தில் வேறு யாருக்காவது வருமா? எனக்கும் அப்போது அது தெரியவில்லை. ஆம்பளைகள் சொல்கிறார்களே என்று பேசாமல் இருந்தேன்.

கல் உட்கார்ந்தது பின் சக்கரத்துக்கும் பின்னால். பின்பக்கம் அழுந்தினதும் முன் சக்கரம் தரையில் பட்டும் படாமலும் போனது. மறுநாள் வளைவில் ஹேண்டிலைத் திருப்புகிறேன், வண்டி எனக்கென்ன என்று நேராகப் போகிறது. ரோட்டைக் குறுக்கே தாண்டி ஏரிக்கரைச் சேற்றில் போய்ச் சொருகியது. நல்லவேளை, எதிரே லாரி வரவில்லை. டியூப் அறுந்து, கல் உருண்டு ஏரிக்குள் போய்விட்டது. சனியன் ஒழிந்தது என்று விட்டேன். சேறும் சகதியுமாகக் கம்பெனிக்குப் போனபோது கேட் மூடி வெகுநேரம் ஆகியிருந்தது.

எங்கள் சூப்பர்வைசரம்மா கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் பேசுவார், அதுதான் இன்னும் பயம். "வேல நல்லாத்தான் பாக்கற. ஆனா இன்னொரு தடவ கேட் மூடுன பெறகு வந்தீன்னா உன் பேர பர்மனென்ட்டுக்கு அனுப்ப என்னால முடியாது. பாத்துக்க" என்றார். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

என் வேலை ஸ்விட்ச் பார்த்து விடுவது. ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் எள்ளுப் போல ஒரு ஸ்பிரிங் இருக்கும். விரலால் அழுத்த வேண்டும். அமுங்கிவிட்டுத் திரும்பி வராவிட்டால் ரிஜெக்ட். அமுங்கவே அமுங்காவிட்டால் அதுவும் ரிஜெக்ட். அழுகிற கண்ணோடு ஒன்றை அழுத்தினேன், அமுங்கவில்லை, தூக்கி ரிஜெக்ட் டப்பாவில் போட்டேன். போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. அட முண்டங்களா! பகலெல்லாம் இப்படி அமுங்காத ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலையில் அமுங்காத ஸ்பிரிங் மேல் ஏறி உட்கார்ந்துதானே வருகிறேன்!

வேலை விட்டதும் நேராக மெக்கானிக் கடைக்குப் போனேன். அவனுக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் சேர்ந்து வரும், புத்தி மட்டும் எதிலும் வராது.

"ஸ்பிரிங்க எறக்கி வையிப்பா" என்றேன்.

"அண்ணன வரச் சொல்லுக்கா."

"ஓட்டறது நான். அண்ணன் என்னாத்துக்கு?"

"லேடீஸ் கேட்டாங்கன்னு லூஸ் பண்ணிக் குடுத்தா நாளைக்கு என்னயத்தான கேப்பாங்க? மூட்ட வெச்சா அடி வாங்கிக்கும்க்கா."

"இந்த வண்டியில மூட்ட எங்க இருக்குது? காட்டு பாக்கலாம்."

"இல்லன்னாலும் மூட்டைக்குத்தான் வெக்கணும். அதான் மொற" என்று சொல்லிவிட்டு வேறு வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான். அவன் முறையில் இடி விழ!

வீட்டுக்கு வந்து, பெரிய ஸ்க்ரூ டிரைவரை அந்த வளையத்தின் ஓட்டையில் கொடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி நானே திருப்பினேன். இரண்டு பக்கமும் ஒரே ஸ்டெப்பில், அடியிலிருந்து இரண்டாவதில் நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். வண்டி என்னை முதன்முறையாக வாங்கிக்கொண்டது. பெட்ரோல் பங்க்கில் போய்ப் பின் சக்கரத்துக் காற்றை ஒரு ஆளுக்கு எவ்வளவோ அவ்வளவுக்குக் குறைக்கச் சொன்னேன். அங்கிருந்தவர் ஏதோ புத்தி சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் கறிச்சோறு தின்றுவிட்டுக் குறட்டை விட்ட நேரத்தில் ஏரி வளைவுக்குப் போய்ப் பழகினேன். இவர் செய்வதையெல்லாம் தலைகீழாகச் செய்து பார்ப்போமே என்று ஆரம்பித்தேன். அதுதான் சரியாக இருந்தது. வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக நிற்கும்போதே குறைக்க வேண்டும். கியரையும் அங்கேயே இறக்கிவிட வேண்டும். சாய்த்த பிறகு பிரேக் பக்கம் போகவே கூடாது, ஆக்சிலேட்டரை மட்டும் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். காலை நீட்டாமல் இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் முன்னால், வளைகிற பக்கமாகக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, ஜல்லியைப் பார்க்கக் கூடாது, ஏரியைப் பார்க்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். சாயங்காலத்துக்குள் அந்த வளைவு எனக்கு ஒரு வளைவாகவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாளும் லேட் இல்லை. கேட் மூடுவதற்கு முன் டீ குடிக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. சந்தோஷத்தில் இவரிடமும் சொன்னேன், ஸ்பிரிங்கை இறக்கியதையும் சொன்னேன். நான் ஒரு மடச்சி.

"லூசு வண்டியாக்கிட்டியா?" என்று குதித்தார். "ஒரு வார்த்த எங்கிட்டக் கேக்கணுமுண்டு தோணல?"

"உங்களக் கேட்டுத்தான் கல்லக் கட்டிக்கிட்டு சேத்துல விழுந்தன்."

அதோடு பேச்சு நின்றது. ஆனால் டீக்கடையில் சிநேகிதர் கூட்டம் சும்மா இருக்குமா? "என்ன மாப்ள, வண்டி வீட்ல எடுத்துக்கிட்டாங்களாம்? ஸ்பேனர் கூட அவங்க கையிலதானாமே?" என்று கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் இவர் ஏறும்போது விசில் அடித்தார்களாம். வீட்டில் வந்து சட்டியை உருட்டுவார். "பொம்பள வேலைக்குப் போயிதேன் இந்த வீட்ல அடுப்பெரியணுமா?" என்பார். எரிந்துகொண்டிருந்ததே அப்படித்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் சூப்பர்வைசரம்மா கூப்பிட்டு, "இந்த வாரம் உன் பேர் போவுது. ஒழுங்கா வந்துரு" என்றார். சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்ததும் அதைச் சொன்னேன். "அப்டியா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். மறுநாள் எனக்கு முன்னாலேயே எழுந்திருந்தார். இவர் எனக்கு முன்னால் எழுந்த காலை அதற்கு முன் கிடையாது. "வெளிக்குப் போயிட்டு வாரேன்" என்று போனார். நான் டீ போட்டு மூடி வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

தெருவைத் தாண்டி ஒரு சின்னப் பாலம். அதில் ஏறி இறங்கியதும் முதுகில் அறைந்த மாதிரி இருந்தது. பின் சக்கரம் துள்ளி விழுந்தது. கடைசி ஸ்டெப். முந்தின நாள் நான் வேலை விட்டு வரும்போது மெத்தை மாதிரி வந்த வண்டி. ஸ்பிரிங் தானாக ஏறுமா? யார் கை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காற்றும் ஏற்றியிருந்தது, ஹேண்டிலிலேயே தெரிந்தது. கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லை. திரும்பிப் போய் இறக்கினால் கேட் மூடிவிடும். உருட்டிக்கொண்டு போனாலும் மூடிவிடும். மூடினால் களைக்கொத்துதான். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தேன். கியரை இறக்கினேன். பின்பக்கம் துள்ளும் என்று தெரியும், அதனால் சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பி, எடையை எல்லாம் காலில் கொடுத்து நின்றேன். துள்ளினால் வண்டி துள்ளிக்கொள்ளட்டும், என்னைத் தூக்கக் கூடாது. வழக்கத்தைவிடக் குறைவாக வண்டியைச் சாய்த்து, உடம்பை அதிகமாக உள்ளே சாய்த்தேன். அந்த நேரம் எதிரே காலி லாரி வந்தது. சக்கரம் தடதடவென்று குதித்தது, ஒரு இடத்தில் ஒரு சாண் விலகவும் விலகியது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. சீ, போடா என்று வாய்விட்டு அதட்டிக் காலை நிறுத்தினேன். லாரியைப் பார்க்கவில்லை. வளைவு முடிகிற இடத்தில் ஒரு மைல்கல் உண்டு, அதையே பார்த்தேன். லாரிக் காற்று என் சட்டையை இழுத்துவிட்டுப் போனது. மைல்கல்லைத் தாண்டியிருந்தேன்.

வாட்ச்மேன் கேட்டில் கை வைத்திருந்தபோது உள்ளே நுழைந்தேன். அந்த வாரமே என் பேர் போனது, பர்மனென்ட்டும் ஆனேன். அதைச் சொல்லிவிட்டால் கதை முடிந்த மாதிரிதான். ஆனால் அன்றைய சாயங்காலத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, ஊற வைக்கத் துணியை எடுத்தேன். காலையில் இவர் போட்டுக்கொண்டு போன சட்டைப் பையில் கனமாக ஏதோ இருந்தது. ஒரு பஞ்சுச் சுருள், கட்டுத்துணி, ஒரு டிஞ்சர் பாட்டில். பாட்டில் மூடி திறக்கவே இல்லை.

"இது என்னாத்துக்கு?"

"கம்பெனில கைல கீறிருச்சு."

"கையக் காட்டுங்க."

காட்டினார். பெட்டி எண்ணுகிற கை, வழுவழுவென்று இருந்தது.

"ஸ்பிரிங்கத் திருப்புனது நீங்கதான?"

"ஆமா" என்றார். பிறகு அவராகவே பேசினார். "சின்னதா ஒரு தடவ விழுந்தீன்னா நீயே வேண்டாமுண்டு விட்ருவேன்னு நெனச்சேன். வண்டியும் வந்துரும், நீயும் வீட்ல இருப்ப. பெரிய அடியாப் பட்ரக் கூடாதுண்டுதேன் நானே போயி வளவுல புளியமரத்தடில நின்னேன். விழுந்தா தூக்கி, மருந்து போட்டு, கையோட கூட்டியாந்துரலாமுண்டு."

நான் நன்றி சொல்லவில்லையே என்கிற குறைதான் அந்த முகத்தில் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் கடை கடையாக ஏறி, பஞ்சும் மருந்தும் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஸ்பிரிங்கைத் திருப்பியிருக்கிறார். இவ்வளவு கேவலமான அக்கறையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"லாரி வந்துச்சே. பாத்தீங்களா?"

"வந்துச்சு. கண்ண மூடிக்கிட்டேன்."

"தொறந்து பாத்தப்ப நான் விழாம போயிட்டிருந்தன். அப்ப உங்களுக்கு சந்தோசமா இருந்துச்சா, வருத்தமா இருந்துச்சா? உண்மையச் சொல்லுங்க."

ஏதாவது ஒரு பொய்யைச் சட்டென்று சொல்லியிருக்கலாம். நானும் விட்டிருப்பேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்து உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்தார். பதில் வருவதற்குள் அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது.